மூன்றாவது தட்டு

மணி நாலே முக்கால் என்று கணினிக்குத் தெரியாது.
டாக்ஸி நிலையத்தில் இரவெல்லாம்
முகவரி சொல்லிச் சொல்லி நாக்கு தடித்து வந்திருந்தேன்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
பொத்தானை அழுத்திவிட்டுக் கெட்டிலைத் தேடித் திரும்பினேன்.

கப்பல் சங்கு.
பால்டிக் கடல் எழுந்து வந்து
மேசைக்கடியில் நின்று ஊதியதுபோல்
ஒரு முழு நொடி, இரண்டு, மூன்று.

தம்பி எலிகியுஷின் வேலை.
பகலில் அவன் கணினி, இரவில் என் கணினி.
எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து இப்படித்தான்.
போன வாரம் அவன் தும்மல்.
அதற்கு முந்தின வாரம்
க்டினியா துறைமுகத்தில் மீன் தலைக்குச் சண்டை போட்ட கடற்காகம்.
ஒலியைக் குறைக்கும் திருகு பின்பக்கம் இருக்கிறது.
ஏன் பின்பக்கம் என்று செய்தவனைத்தான் கேட்கவேண்டும்.
என் கை போய்ச் சேர்வதற்குள்
சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருக்கும்.

அப்புறம் மேலேயிருந்து, வெந்நீர்க் குழாய் வழியாக,
டங். டங். டடங்.
நான்காம் மாடி செவெரின்,
மீன் பதனிடும் ஆலையில் கணக்கர்.
ஆறரை வரை தூங்க உரிமை உள்ளவர்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
எங்கள் கட்டடத்தில் வாயும் உண்டு.
ஒரு வீட்டில் தும்மினால்
மூன்று வீட்டில் நூறாயுசு சொல்லும்படி
கான்கிரீட்டை அட்டைபோல் அடுக்கியிருந்தார்கள்.

எனக்கும் கோபம் வரும்.
மறுநாள் வேண்டுமென்றே கப்பலை ஊதவிட்டேன்.
எட்டு ஸ்லோட்டி மைக்கை ஒரு காலுறைக்குள் நுழைத்து
ரேடியேட்டரோடு கட்டிவைத்துக் காத்திருந்தேன்.
வந்தது.
முன்னால் விழுந்திருந்த என் மூச்சை வெட்டினேன்,
பின்னால் தொங்கிய இரைச்சலை வெட்டினேன்.
நாற்பது கிலோபைட்.
ஒரு மனிதனின் எரிச்சல்
நெகிழ்வட்டின் மூலைக்குக்கூடக் காணாது.

வெள்ளிக்கிழமை
கணினி அவர் கையாலேயே விழித்தது.
ஒலிப்பெருக்கி ரேடியேட்டரின் மேல் உட்கார்ந்திருந்தது.
டங். டங். டடங்.

மேலே அமைதி.
கெட்டில் கொதித்து அடங்கியது.
பிறகு, மெல்ல,
டங்?
கேள்விக்குறியோடு ஒரு தட்டலை
அதுவரை நான் கேட்டதில்லை.
நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் மாடி சொன்னது.
அப்புறம் ஐந்து.
அப்புறம் எங்கோ அடித்தளத்தில் யாரோ, ஒரே ஒரு முறை.
குழாய் நெடுக ஆட்கள் விழித்திருந்தார்கள்.

ஐந்தேகாலுக்கு வாசல் மணி.
பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு,
கையில் அலுமினியக் கரண்டி,
அடித்து அடித்து ஒரு பக்கம் சப்பையானது.
“யார் என்னைத் தட்டியது?”

கணினியைக் காட்டினேன்.
அணைத்து மறுபடி போட்டேன்.
கறுப்புத் திரையில் எண்கள் ஏறி முடிகிறவரை
லிஃப்டில் நிற்கிறவர்கள்போல
முகம் பார்க்காமல் நின்றோம்.

தலையைச் சாய்த்துக் கேட்டார்.
“இது நான் இல்லை.
அந்த மூன்றாவது தட்டு சோப்ளாங்கி.
நான் இப்படியா அடிப்பேன்?”
பதினொரு கிலோஹெர்ட்ஸில் பதிந்தது, என்றேன்.
“ஹெர்ட்ஸ் கிடக்கட்டும். மறுபடி எடு.”

காலுறையை உருவச் சொன்னார்.
மண்டியிட்டு, இடக்கையால் மழைக்கோட்டை ஒதுக்கிக்கொண்டு
ஆறு முறை அடித்தார்.
ஆறாவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.
அதில் கீழ்வீட்டுக் குழந்தை அழத் தொடங்குவதும் விழுந்திருந்தது.
வெட்டட்டுமா, என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
“இருக்கட்டும். நான் அடித்தால் நடப்பது அதுதானே.”

கதவருகே நின்று கேட்டார்:
“அணைக்கும்போதும் ஏதாவது ஒலிக்குமா?”
ஒலிக்கும், இன்னும் எதுவும் வைக்கவில்லை, என்றேன்.
தலையசைத்தார்.
கரண்டியை மழைக்கோட்டுப் பையில் தலைகீழாகச் செருகிக்கொண்டு
படியேறினார். பதினாறு படி, எண்ணினேன்.
பதினேழாவதாக
அவர் கதவு, யாரையும் எழுப்பிவிடாதபடி,
மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மைக்கை நான் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.